கையிலுள்ள வீரரும் வரவிருக்கும் தேர்வுரிமையும்

பல பருவங்கள் ஆடித் தன் திறனை மெய்ப்பித்த ஒரு வீரரை வேறோர் அணிக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக இனிவரும் ஆண்டுகளில் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் உரிமையைப் பெறுவது, ஓர் அணியின் நிர்வாகம் எடுக்கும் முடிவுகளிலேயே மிகுந்த நெஞ்சுரத்தை வேண்டுவதாகும். கொடுப்பது ஊரார் கண்ணாரக் கண்ட ஆட்டமாகவும், பெறுவது இன்னும் பெயர்கூடத் தெரியாத ஒருவரைப் பற்றிய எதிர்பார்ப்பாகவும் இருப்பதே அதற்குக் காரணம். அத்தகைய பரிமாற்றம் எப்போது அணியை வளர்க்கும், எப்போது குலைக்கும் என்பதையும், டிராஃப்ட் என்ற ஏற்பாடு இன்று வழக்கில் இல்லாத இந்தியக் கால்பந்தில் அதற்கு நிகரான வழிகள் எவை என்பதையும், எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முதலிய பாலக்காட்டு எல்லைப் பகுதிகளில் சிறு கழகங்களை நடத்துவோர் அவற்றை எப்படிக் கையாளலாம் என்பதையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

சொற்களும் அவற்றின் பின்னணியும்

டிராஃப்ட் என்பது ஒரு லீகில் உள்ள அணிகள் முறைவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. அந்த வரிசையில் ஓர் அணிக்கு உரிய முறையே தேர்வுரிமை எனப்படும். எல்லா அணிகளும் ஒருமுறை தேர்ந்தெடுத்து முடித்தால் அது ஒரு சுற்று. ஓர் அணி அந்தப் பருவத்திற்குப் பதிவு செய்துள்ள வீரர்களின் முழு வரிசை அணிப்பட்டியல் எனப்படும். அந்தப் பட்டியலில் ஆள் இல்லாத இடமும், ஆள் இருந்தும் அடுத்த ஆண்டுக்குத் தாங்காத இடமும் அணியின் தேவைகள் ஆகும்.

இந்த ஏற்பாடு அமெரிக்கக் கால்பந்தில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் ஆட்டத்தில், தோன்றி வேரூன்றியது. பணம் படைத்த அணிகளே நல்ல வீரர்கள் அனைவரையும் அள்ளிக்கொண்டதால் நொடித்துப்போயிருந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் தேர்வுரிமை தரப்பட வேண்டும் என்று 1935-இல் முன்மொழிந்தார். அதன்படி 1936 பிப்ரவரி 8 அன்று முதல் டிராஃப்ட் நடந்தது. அன்று முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வேங்கர் என்ற கல்லூரி வீரரைத் தங்களால் ஒப்பந்தம் செய்ய இயலாது என்று கண்ட ஈகிள்ஸ் அணியினர், அவர்மீதான உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிக்கொடுத்தனர். அங்கும் உடன்பாடு ஏற்படாமல் போனதால், டிராஃப்ட் வரலாற்றின் முதல் தேர்வாகிய அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை. உரிமை என்பது வேறு, வீரர் என்பவர் வேறு என்ற உண்மை இந்த முறை பிறந்த நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது. இன்று என்.எஃப்.எல். என்ற அந்த லீகில் 32 அணிகள் 7 சுற்றுகளில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன.

இந்தியக் கால்பந்து இந்த முறையைச் சில ஆண்டுகளே கையாண்டது. இந்தியன் சூப்பர் லீகின் முதல் பருவமான 2014-இல் உள்நாட்டு வீரர்களுக்கு டிராஃப்ட் நடந்தது. 2017 ஜூலை 23 அன்று மும்பையில் நடந்ததே அவ்வகையில் பெரியதும் கடைசியானதும் ஆகும். அந்த ஆண்டு ஒவ்வோர் அணியும் மூத்த வீரர்களில் இருவர் வரை தக்கவைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. ஆனால் தக்கவைத்த ஒவ்வொருவருக்கும் தொடக்கச் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றை அணி இழந்தது. சி.கே. வினீத்தையும் சந்தேஷ் ஜிங்கனையும் தக்கவைத்த கேரளா பிளாஸ்டர்ஸ், ஜெஜே லால்பெக்லுவாவையும் கரன்ஜித் சிங்கையும் தக்கவைத்த சென்னையின் எஃப்சி போன்ற அணிகளால் மூன்றாம் சுற்றில்தான் மேசைக்கு வர முடிந்தது. முதல் சுற்றில் இடம்பெற்றவை, புதிதாகச் சேர்ந்த ஜாம்ஷெட்பூரும் மூத்த வீரர் எவரையும் தக்கவைக்காத டெல்லி டைனமோஸும் மட்டுமே.

இந்த விதியைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இருப்பவரை வைத்துக்கொள்வதும் ஒரு பரிமாற்றமே. வினீத்தைத் தக்கவைத்த அணி, அவரை ஒரு தேர்வுரிமை கொடுத்து வாங்கியதற்குச் சமம். வீரரை விற்கும்போது மட்டுமே விலை இருக்கிறது, வைத்திருக்கும்போது இல்லை என்று கருதும் நிர்வாகிகள், ஆண்டுதோறும் தம்மை அறியாமலே பெரும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜாம்ஷெட்பூர் தன் முதல் தேர்வாக மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடி ரூபாய் மதிப்பில் எடுத்தது. கோல்கீப்பர் சுப்ரதா பாலையும் எடுத்து, பின்களத்திலிருந்து அணியைக் கட்டியது. அறிமுகப் பருவத்திலேயே ஐந்தாம் இடம் பெற்றதால் அந்தத் திட்டம் வீண்போகவில்லை என்றாலும், முதல் தேர்வான அனஸ் அடுத்த பருவத்திலேயே கேரளா பிளாஸ்டர்ஸுக்குச் சென்றுவிட்டார்.

வெற்றிடத்தை முதலில் படித்தல்

பரிமாற்றம் குறித்த பேச்சு பெரும்பாலும் தவறான முனையிலிருந்து தொடங்குகிறது. யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இன்ன வீரரைத் தருவீர்களா, இன்னது தருகிறோம் என்று கேட்கிறார். அதன் பிறகே நிர்வாகம் யோசிக்கத் தொடங்குகிறது. முறையான வழி இதற்கு நேர்மாறானது: தன் பட்டியலின் வெற்றிடங்களை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் கழகம் மட்டுமே, வந்த கேட்பு தனக்குத் தேவையானதா என்பதை உடனே சொல்ல முடியும்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. நூறு பக்கக் கோடுபோட்ட நோட்டு ஒன்றும் அடிமட்டமும் போதும். இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கோல்கீப்பர், வலது பின்களம், நடுப் பின்களம், இடது பின்களம், தடுப்பு நடுக்களம், தாக்கு நடுக்களம், இரு விளிம்புகள், முன்களம் என்று ஆடும் இடங்களை எழுத வேண்டும்; ஒவ்வோர் இடத்திற்கு நேரேயும் முதல் ஆள், மாற்று ஆள், வளர்ந்துவரும் ஆள் என மூன்று கட்டங்கள் இட்டு, ஒவ்வொரு பெயருக்குக் கீழும் வயது, வலுவான கால், ஒப்பந்தம் முடியும் மாதம், சென்ற பருவத்தில் காயத்தால் தவறிய ஆட்டங்கள் ஆகிய நான்கையும் சிறிய எழுத்தில் குறிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இடது பின்களத்திற்கு நேரே 32 வயதான ஒருவரின் பெயர் மட்டும் இருந்து, மற்ற இரு கட்டங்களும் வெறுமையாக இருக்க, தாக்கு நடுக்களத்திற்கு நேரே மூன்று கட்டங்களிலும் 24 வயதுக்கு உட்பட்டோரின் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால், எந்த இடத்திலிருந்து எடுத்து எந்த இடத்திற்குக் கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். கொடுக்கத் தக்கவர் அணியின் மோசமான வீரர் அல்லர், மிகச் சிறந்த வீரராகவும் இருக்கலாம். அவர் போனால் அவருடைய இடத்தில் நிற்க ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

2023 ஜூலையில் கேரளா பிளாஸ்டர்ஸ் எடுத்த முடிவு இதற்குத் தக்க சான்று. அந்தக் கழகத்தின் ரிசர்வ் அணியில் வளர்ந்து, 2021-22 பருவத்தில் அணி இறுதிப்போட்டி வரை செல்லப் பெரும்பங்காற்றி, கேரள ரசிகர்கள் தம் வீட்டுப் பிள்ளையாகவே கருதிய நடுக்கள வீரர் சஹல் அப்துல் சமத், மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்டுக்கு மாற்றப்பட்டார். ஈடாக, அதே ஆண்டு மார்ச்சில் மோகன் பகானை இந்தியன் சூப்பர் லீக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற தலைவர் பிரீதம் கோட்டாலும், அவருடன் மாற்றுத் தொகையும் கொச்சிக்கு வந்தன. சஹலைக் கொடுத்தது ரசிகர்களைப் புண்படுத்தியது உண்மை. ஆயினும் நோட்டைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும்: இடது பின்களத்தில் ஆடிய தலைவர் ஜெசல் கார்னேரோவும், வலப்புறத்தில் ஆடிய ஹர்மன்ஜோத் கப்ராவும் விலகியிருந்த நிலையில் பின்களம் வெறுமையாகக் கிடந்தது, நடுக்களத்திலோ அட்ரியன் லூனாவுடன் ஜீக்சன் சிங், டேனிஷ் ஃபாரூக், திருச்சூரின் விபின் மோகனன் எனப் பலர் இருந்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. 2025 ஜனவரியில் 31 வயதான பிரீதம் சென்னையின் எஃப்சிக்குச் செல்ல, அங்கிருந்து 21 வயதான தடுப்பாட்டக்காரர் பிகாஷ் யும்னம் 2029 வரையிலான ஒப்பந்தத்துடன் பிளாஸ்டர்ஸுக்கு வந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களையும் சேர்த்துப் படித்தால், அமெரிக்க அணிகள் தேர்வுரிமையைக் கொண்டு செய்வதையே இந்தியக் கழகங்கள் ஆளுக்கு ஆள் மாற்றி இரு படிகளில் செய்கின்றன என்பது விளங்கும்: முதல் படியில் இன்றைய வெற்றிடம் அனுபவத்தால் அடைபடுகிறது, இரண்டாம் படியில் அந்த அனுபவம், அதன் விலை அறவே இறங்கிவிடும் முன், பத்து ஆண்டு இளமையாக மாற்றப்படுகிறது. அதே வேளையில், சஹல் சென்ற பின் பிளாஸ்டர்ஸ் கோப்பை எதையும் வெல்லவில்லை என்பதையும், மோகன் பகான் 2023-24-இல் லீக் கேடயத்தையும் 2024-25-இல் கேடயம், கோப்பை இரண்டையும் வென்றது என்பதையும் மறைக்கக் கூடாது. வெற்றிடத்தைச் சரியாகப் படிப்பது முதல் வேலை மட்டுமே. வந்தவரைக் கொண்டு என்ன செய்யப்படுகிறது என்பதில்தான் மீதி வேலை இருக்கிறது.

கிரிக்கெட்டிலும் இதே கணக்குத்தான். 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துத் திருவனந்தபுரத்தின் சஞ்சு சாம்சனைப் பெற்றபோது, சேப்பாக்கத்து ரசிகர்கள் கண்கலங்கியது ஜடேஜாவுக்காக. நிர்வாகம் கணக்கிட்டது, தோனிக்குப் பின் விக்கெட் காப்பில் வரவிருந்த வெற்றிடத்தை.

ஹெர்ஷல் வாக்கர் பரிமாற்றம்

வீரரைக் கொடுத்துத் தேர்வுரிமை பெறுவதைப் பற்றிப் பேசும் எவரும் 1989 அக்டோபர் 12-ஐத் தவிர்க்க முடியாது. அந்தப் பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றிருந்த டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் உருப்படியான வீரர் என்று மற்ற அணிகள் விரும்பிக் கேட்கக்கூடியவர்களில் முதன்மையானவர் ஹெர்ஷல் வாக்கர். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன், அவரையே மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார். வைக்கிங்ஸ் அணியின் கணக்கும் குறைசொல்லத்தக்கதன்று. தங்கள் அணி முழுமையாக இருக்கிறது, பந்தை ஏந்தி ஓடும் ஒருவர் மட்டும் கிடைத்தால் பட்டம் உறுதி என்று அவர்கள் நம்பினர்.

ஒப்பந்தம் எழுதப்பட்ட விதத்தில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. வைக்கிங்ஸ் ஐந்து வீரர்களையும் பல தேர்வுரிமைகளையும் கொடுத்தது. ஆனால் அந்த ஐவரில் ஒவ்வொருவரின் பெயரோடும் ஒரு நிபந்தனைத் தேர்வுரிமை கட்டப்பட்டிருந்தது. நிபந்தனைத் தேர்வுரிமை என்பது குறித்த ஒரு நிகழ்வு நடந்தால் மட்டுமே கைமாறும் உரிமை. இங்கே அந்த நிகழ்வு, 1990 பிப்ரவரி 1-க்கு முன் டல்லாஸ் அந்த வீரரைப் பட்டியலிலிருந்து நீக்குவது. ஐந்து நல்ல வீரர்கள் கிடைத்தால் தள்ளாடும் அணி அவர்களை விடாது என்று வைக்கிங்ஸ் எண்ணியது. ஜான்சன் பார்த்ததோ வீரர்களை அல்ல, அவர்களோடு கட்டப்பட்டிருந்த உரிமைகளை. நீக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் பேரம் பேசி, சில வீரர்களையும் தேர்வுரிமைகளையும் ஒருங்கே தக்கவைத்துக்கொண்டார். அந்தப் பருவத்தை டல்லாஸ் ஒரு வெற்றி, பதினைந்து தோல்விகளுடன் முடித்தது.

பெற்ற உரிமைகளை டல்லாஸ் அப்படியே வைத்திருக்கவும் இல்லை. 1990-இல் வைக்கிங்ஸிடமிருந்து வந்த 21-ஆம் தேர்வுரிமையைக் கொண்டு மேலே நகர்ந்து, 17-ஆம் இடத்தில் எமிட் ஸ்மித்தை எடுத்தது. பின்னாளில் அந்த லீகின் வரலாற்றிலேயே மிக அதிக தூரம் பந்தேந்தி ஓடியவர் அவர். 1991-இல் முதல் தேர்வுரிமைக்கே உயர்ந்து ரஸல் மேரிலண்டையும், 1992-இல் டேரன் வுட்சனையும் எடுத்தது. 1993, 1994, 1996 ஆகிய ஆண்டுகளின் ஜனவரியில் நடந்த இறுதிப்போட்டிகளில் டல்லாஸ் வென்றது. வாக்கர் வைக்கிங்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் 148 கெஜம் ஓடி அரங்கை அதிரவைத்தார். ஆனால் மூன்று பருவங்கள்கூட முழுமையாக அங்கே நிலைக்கவில்லை, எதிர்பார்த்த பட்டமும் வரவில்லை.

இந்த வரலாற்றைச் சொல்வோர் பலர், தேர்வுரிமைகளைச் சேர்த்தால் பட்டங்கள் வரும் என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஜான்சன் மயாமி பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்து நேரே வந்தவர். நாட்டின் கல்லூரி வீரர்களைப் பள்ளிப் பருவத்திலிருந்தே நேரில் பார்த்து அறிந்திருந்தவர். அந்த அறிவு இல்லாத ஓர் அணியிடம் அதே உரிமைகள் போயிருந்தால் அவை வெறும் எண்களாகவே முடிந்திருக்கும். மறுபுறம், 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் தன் முன்னணி வீரர் ஜாரட் கோஃபையும் டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டைப் பெற்று, 2022 பிப்ரவரியில் பட்டம் வென்றது. ஓர் இடம் மட்டுமே வெறுமையாக இருக்கும் அணிக்கு அனுபவம் வாங்குவது சரி. பல இடங்கள் வெறுமையாக இருக்கும் அணிக்கு ஒரே நல்ல வீரரைப் பலராகப் பிரித்துக்கொள்வதே சரி.

உரிமைக்கு விலை மதிப்பிடுதல்

தேர்வுரிமைகளை ஒன்றோடொன்று ஒப்பிட 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் அணி ஓர் அட்டவணையைத் தயாரித்தது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளிகள், இரண்டாவதற்கு 2600, பதினாறாவதற்கு 1000, முப்பத்திரண்டாவதற்கு 590 என்று அது சரிந்து செல்லும். பின்னர் பொருளியலறிஞர்களான கேட் மேசியும் ரிச்சர்ட் தேலரும் செய்த ஆய்வு, அணிகள் உச்சித் தேர்வுகளுக்கு அளவுக்கு மீறிய மதிப்புத் தருகின்றன என்று காட்டியது. கொடுக்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இரண்டாம் சுற்று வாக்கில் கிடைக்கும் வீரர்களே மிகுந்த பயன் தருகிறார்கள் என்பது அதன் சாரம். எல்லோர் கண்ணிலும் பட்ட இளைஞரை விரட்டிப் பிடிப்பதைவிட, பலர் கண்ணில் படாத இருவரைப் பொறுமையாகத் தேடுவது மேலானது என்று சிறு கழகங்கள் இதைப் புரிந்துகொள்ளலாம்.

டிராஃப்ட் இல்லாத இடத்தில் தேர்வுரிமைக்கு நிகர் எது?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், கரும்பனைகள் வரப்போரம் நிற்க நெல்வயல்கள் விரிந்து கிடக்கும் எலப்புள்ளியில் ஒரு கழகம் நடத்துவோருக்கு, மேலே சொன்னவை எட்டாத உலகத்துச் செய்திகளாகத் தோன்றக்கூடும். உண்மையில் அவர்களுக்கும் தேர்வுரிமை போன்ற சொத்துகள் உண்டு. அவற்றின் பெயர்களே வேறு.

முதலாவது, மறுவிற்பனைப் பங்கு. வீரரைப் பெறும் கழகம் பின்னாளில் அவரை வேறு கழகத்திற்கு விற்றால், கிடைக்கும் தொகையில் குறிப்பிட்ட விழுக்காட்டை முதலில் கொடுத்த கழகத்திற்குத் தர வேண்டும் என்ற உடன்பாடு இது. உடனடித் தொகையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு இந்தப் பங்கைக் கேட்பது, இன்றைய வீரரைக் கொடுத்து நாளைய வாய்ப்பை வாங்குவதற்குச் சமம். இந்தப் பங்கு கழகத்திற்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். வீரரை வளர்க்கப் பணம் போட்ட தனிநபருக்கோ முகவருக்கோ அவருடைய வருங்கால மாற்றுத் தொகையில் பங்கு எழுதிக்கொடுப்பதை ஃபிஃபா 2015 மே 1 முதல் தடை செய்துள்ளது. ஊர்ப்பெரியவர் ஒருவர் பூட்ஸும் பயணச் செலவும் கொடுத்து ஆதரித்திருந்தால், அவருக்கு நன்றியும் மேடையில் பொன்னாடையும் உண்டு, பங்கு இல்லை.

இரண்டாவது, முதல் மறுப்புரிமை: கொடுத்த வீரரையோ, பெறும் கழகத்தின் இளையோர் அணியில் இடம் கிடைக்காத இன்னொருவரையோ வெளியே அனுப்பும்போது, முதலில் தன்னிடம் கேட்க வேண்டும் என்ற உரிமை. மூன்றாவது, லோன், அதாவது ஒரு பருவத்திற்கு மட்டும் வீரரைத் தற்காலிகமாகப் பெறுவது. நோட்டில் இடது பின்களம் வெறுமையாக இருக்கும் கழகம், தன் நடுக்கள வீரரை நிரந்தரமாகக் கொடுத்து, அந்தப் பெரிய கழகத்தின் இளையோர் அணியிலுள்ள இடது பின்கள வீரரை லோனாகக் கேட்பது எளிதில் நிறைவேறக்கூடிய பேரம்.

நான்காவதே மிகப் பெரியதும் மிகவும் புறக்கணிக்கப்படுவதும் ஆகும்: வளர்த்த கழகத்திற்குரிய பங்கு. ஒரு வீரர் ஒரு நாட்டின் கழகத்திலிருந்து மற்றொரு நாட்டின் கழகத்திற்குத் தொகைக்கு மாற்றப்படும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு, அவருடைய 12 முதல் 23 வயது வரையிலான பருவங்களில் அவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு பருவத்திற்கும் அந்தப் பங்கில் இருபதில் ஒரு கூறும், 16 முதல் 23 வரையிலான ஒவ்வொரு பருவத்திற்கும் பத்தில் ஒரு கூறும் உரியவை. 2 கோடி ரூபாய்க்கு ஒருவர் வெளிநாடு செல்வதாகக் கொண்டால் 5 விழுக்காடு என்பது 10 லட்சம். 12 வயது முதல் நான்கு பருவங்கள் அவரை வைத்திருந்த ஊர்க்கழகத்திற்கு அதில் 2 லட்சம் உரியது. ஓர் ஊர்க்கழகத்திற்கு அது பந்து, வலை, பயிற்சியாளர் ஊதியம், குழந்தைகளின் பயணச் செலவு ஆகியவற்றைத் தாங்கும் தொகை. 2022 நவம்பர் முதல் இத்தொகைகளை ஃபிஃபாவின் தீர்வகம் என்ற தனி அமைப்பு கணக்கிட்டுப் பிரித்துத் தருகிறது. அது பார்ப்பது பதிவேட்டை மட்டுமே. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் எலப்புள்ளிக் கழகத்தின் பெயரில் பதிவாகவில்லை என்றால், அவன் நான்கு ஆண்டுகள் அங்கே தினமும் பந்து உதைத்ததை ஊர் முழுவதும் சாட்சி சொன்னாலும் பயனில்லை.

செவன்ஸ் ஆட்டத்தைப் பற்றி இங்கே ஒரு சொல் அவசியம். அணிக்கு ஏழு பேராக ஆடப்படும் இவ்வாட்டம் மலபார் முழுவதும், பாலக்காட்டு மாவட்டத்தில் செர்ப்புளச்சேரியின் அல்-மதீனா போன்ற புகழ்பெற்ற அணிகளோடு, பெருங்கூட்டத்தை ஈர்க்கிறது. அறுவடை முடிந்த வயலில் கமுகுத் தடிகளைக் கட்டி எழுப்பிய கேலரியும், ஒளிவிளக்குகளும், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் வெளிநாட்டு வீரர்களும் சேர்ந்த அந்த இரவுகள் இப்பகுதி இளைஞர்களின் ஆட்டத்தை முறுக்கேற்றியவை; அவற்றைத் தாழ்த்திச் சொல்வது நன்றியற்றது. எனினும் அணிப்பட்டியல் நோக்கில் அது இன்றைய இரவின் வெற்றிடத்தை இன்றைய இரவின் கூலியால் அடைக்கும் முறை. கூட்டமைப்பின் பதிவேட்டுக்கு வெளியே நடப்பதால், அங்கே ஆடிய பருவங்கள் எந்த உரிமையாகவும் சேமிக்கப்படுவதில்லை. செவன்ஸில் பெயரெடுக்கும் ஊர்ப் பையனைப் பதினொருவர் லீகிலும் பதிவு செய்து வைத்திருப்பதே இரண்டையும் காக்கும் வழி.

காலமும் சம்மதமும்

வீரரின் விலையைத் தீர்மானிப்பதில் அவருடைய கால்களுக்கு அடுத்தபடியாக நிற்பது அவருடைய ஒப்பந்தம் முடியும் நாள். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வீரர் வேறு கழகத்துடன் முன்னொப்பந்தம் செய்துகொள்ளலாம். காலம் முடிந்ததும் அவர் போகும்போது பழைய கழகத்திற்கு மாற்றுத் தொகை எதுவும் கிடைக்காது. ஆகவே, ஒரு வீரருடன் ஒப்பந்தம் நீட்டிப்பதா, அவரைப் பரிமாறுவதா என்ற முடிவு, ஒப்பந்தத்தில் ஒன்றரை ஆண்டு மிச்சமிருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோருடன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தம் செல்லாது என்பதால், 16 வயதில் ஒப்பமிட்டவரைப் பற்றிய முடிவு 18 வயதைத் தாண்டும் முன்பே வந்து நிற்கும். பெரும்பாலான கழகங்கள் இதைக் கடைசி மாதத்தில்தான் நினைவுகூர்கின்றன.

அமெரிக்க முறைக்கும் இந்திய முறைக்கும் உள்ள ஆழமான வேறுபாடு சம்மதத்தில் இருக்கிறது. அங்கே, ஒப்பந்தத்தில் தனி விலக்கு இல்லாதவரை, அணி தன் வீரரின் ஒப்பந்தத்தை அவரைக் கேளாமலே வேறோர் அணிக்கு மாற்றலாம். உலகக் கால்பந்தில் வீரர் புதிய கழகத்துடன் கையொப்பமிட்டால் மட்டுமே மாற்றம் நிகழும். இது நடைமுறைத் தடை அன்று. வீரர் மனிதர் என்பதை ஒப்புக்கொள்ளும் நியாயம். தொகையைக் காட்டிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலையைப் பெரிதாகக் கருதும் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். 1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரள காவல்துறை அணி கட்டப்பட்டதே அத்தகைய வேலைகளின் மீதுதான். ஆகவே பரிமாற்றப் பேச்சு தொடங்கும் அன்றே, நாளிதழோ வாட்ஸ்அப் குழுவோ சொல்லும் முன்பாக, செயலாளர் வீரரின் வீட்டுக்கு நேரில் சென்று, வீட்டார் பேசும் மொழி தமிழானால் தமிழிலும் மலையாளமானால் மலையாளத்திலும், எந்த அணி, எவ்வளவு சம்பளம், தங்குமிடம் எது, காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்லைப் பகுதியில் பையனுக்குக் கோயம்புத்தூர் எட்டும் தொலைவிலேயே இருந்தாலும், அங்கே போவது மாநிலச் சங்கம் மாறும் மாற்றம் என்பதால், உரிய பதிவுக் காலத்திற்குள் மைய முறையில் அது முடிக்கப்பட்டதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

உடன்பாட்டுக் கடிதத்தில் நிபந்தனைகள் அளக்கத்தக்கவையாக இருக்க வேண்டும். "வீரர் நன்றாக ஆடினால் கூடுதல் தொகை" என்ற வரி வழக்குக்கே வழிவகுக்கும். "2027 மே 31-க்குள் அதிகாரப்பூர்வ லீக் ஆட்டங்களில் 20 முறை களமிறங்கினால்" என்ற வரியை எவரும் மறுக்க முடியாது. வாக்கர் ஒப்பந்தத்தின் விளைவுகள் யாவும் ஒரு பிப்ரவரி 1-ஐச் சுற்றியே நடந்தன என்பதை எழுதுவோர் மனத்தில் கொள்ள வேண்டும். மறுவிற்பனைப் பங்கின் விழுக்காடு முழுத் தொகையிலா, லாபத்தில் மட்டுமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

கையொப்பமிட்ட கடிதத்தின் ஒரு படியும், வீரரின் பிறப்புச் சான்றிதழ் நகலும், பருவவாரியான பதிவு விவரமும் கழகத்தின் பெயரிலுள்ள ஒரே கோப்பில் வைக்கப்பட வேண்டும். செயலாளரின் வீட்டு அலமாரியில் அல்ல. ஊர்க்கழகங்களில் செயலாளரும் பொருளாளரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். இன்று கொடுத்த பையனுக்குரிய பங்கு வந்து சேர ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். அன்று பொறுப்பில் இருப்பவர் அந்தப் பையன் ஆடியதைப் பார்த்திராதவராகவும் இருக்கக்கூடும் என்பதால், கோப்பின் முதல் தாளில் வீரரின் பெயர், கொடுத்த நாள், யாருக்கு, எதற்கு ஈடாக, இன்னும் வரவேண்டியது என்ன, எந்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்ற ஆறும் ஒரே பார்வையில் படும்படி எழுதப்பட்டு, ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் வரவுசெலவுக் கணக்கோடு சேர்த்து உரக்க வாசிக்கப்பட வேண்டும்.